நான்காவது வரி

சுமைதாங்கி என்று ஐந்து எழுத்து எழுதி முடிப்பதற்குள் வடிவாம்பாளுக்குத் தோள்பட்டை வலி எடுத்துவிட்டது. மணி ஏழேகால் இருக்கும். வெயில் இன்னும் பஸ் நிலையத்துத் தகரக் கூரையைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை. துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முந்தாநாள் பிரைமர், நேற்று நீலம், இன்றைக்கு வெள்ளையில் எழுத்து. மேலச்சத்திரம் நகராட்சிக்கு நூறு வயது ஆனபோது ஊரில் பதினொரு இடத்தில் பலகை நட்டார்கள், சத்திரத்து வாசலில், மடைக்கல்லில், பழைய ஜெயிலில், பஞ்சுப்பேட்டையில், இன்ன இடம் இன்ன காலத்தது என்று. நட்டதோடு சரி. இருபத்திரண்டு வருஷ வெயிலில் எழுத்து உதிர்ந்து, ஒன்றில் எருமை கட்டி, ஒன்றில் டியூஷன் சென்டர் விளம்பரம் ஒட்டி, பெயர் தெரியாமல் நின்றன. ரிட்டயர்ட் ஆன மறுவருஷம் அவள்தான் மனுப்போட்டு, நானே எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம், பெயிண்ட் மட்டும் கொடுங்கள் என்று கேட்டாள். ஆறு பலகை முடிந்துவிட்டது. இந்த பஸ் நிலையத்துப் பலகையைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள், ஆனால் இதை முடிக்காவிட்டால் மற்ற நான்குக்கும் பெயிண்ட் கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு இழுத்தபோது நான்கு கோடு இழுத்திருந்தாள். கொடுத்த தாளில் இருப்பதோ மூன்று வரி. கையைத்தான் சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வருஷம் பிறப்பு இறப்புப் பிரிவில் பதிவேடு எழுதிய கை, அவளைக் கேட்காமலே கோடு போட்டுவிடும். ரப்பரால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போய்விடும். போகட்டும், முதல் மூன்று வரி ஆகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்ததும் பிரஷ் அந்தரத்தில் நின்றது. அந்தச் சொல் அவளுக்கு ஆகாது.

“என்னம்மா, ஆதார் கேம்ப்பா?” என்று ஒருவர் கேட்டார். கையில் மஞ்சள்பை. இல்லை, இது சுமைதாங்கிக் கல்லைப் பற்றிய பலகை என்றாள். அவர் கல்லைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், “அப்ப கேம்ப் எங்க?” என்றார். தெரியாது என்றதும் போய்விட்டார். காலையிலிருந்து அவள் பேசியது இவ்வளவுதான். பால்காரரிடம் பேச வேண்டியதில்லை, பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போகிறார். சில நாள் சாயங்காலம் தொண்டையைச் செருமிக்கொண்டு யாரிடமாவது விலை கேட்கும்போதுதான் அன்றைக்கு வாயே திறக்கவில்லை என்பது தெரியும், குரல் கம்மிப்போய் வேறு யாருடையதோ போல வெளியே வரும். டி.வி.யை ஓடவிட்டுச் சமைப்பாள். ஒரு டம்ளர் அரிசி. பலகை எழுத ஆரம்பித்த பிறகு பரவாயில்லை. நாலு பேர் நின்று கேட்கிறார்கள், ஆதார் கேம்ப்பா, வரி கட்டுகிற இடமா என்று. படிக்கிறவர்கள் யாரும் இல்லை. மடைக்கல் பலகையை எழுதி முடித்து ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்தாள், ஒரு ஆள் நின்று படிக்கவில்லை, ஒரு ஆடு மட்டும் உரசிவிட்டுப் போனது. இருந்தால் என்ன. பதிவேட்டை மட்டும் யார் படித்தார்கள். பிறந்தவன் பெயரும் செத்தவன் பெயரும் அவள் கையெழுத்தில் பீரோ பீரோவாக இருக்கின்றன, சான்றிதழ் வேண்டும் என்று ஒருவன் வருகிறவரை அந்தப் பக்கம் புரளாது. ஆனால் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் அப்படி ஒருத்தி இருந்ததாகவே ஆகாது.

இரண்டாவது வரி: வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாற அமைக்கப்பட்டது. அது உண்மைதான். நட்டுக்குத்தலாக இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல், நெஞ்சு உயரம். தலையில் மூட்டையோடு வருகிறவன் யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே இறக்கி, தானே ஏற்றிக்கொண்டு போகலாம். இப்போது அதில் ஒரு பூக்காரியின் ஈரச் சாக்கு காய்கிறது. ஆனால் அது பாதி உண்மை. பழைய கோப்பில் அவள் படித்த வாசகத்தில் நான்காவதாக ஒரு வரி இருந்தது. பிள்ளை வயிற்றோடு இறந்துபோன ஒரு பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டது. அப்படித்தான் அந்தக் காலத்தில் செய்வார்கள், வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்கு வழியில் ஒரு கல் நட்டுவிடுவார்கள், ஊரார் சுமை அதில் இறங்கினால் அவளுக்கும் இறங்கும் என்று. ஆபீஸ் தாளில் அந்த வரியை அடித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது மேனேஜர் கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “அம்மா, பஸ்ஸுக்கு எத்தனை பிள்ளைத்தாய்ச்சி வந்து நிக்கும். எம் மகளுக்கே ஏழு மாசம். அவ நின்னு இதைப் படிச்சான்னு வைங்க, மனசு என்ன பாடுபடும்? கல்லு இருக்கு, போதும்லா?” அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. சரி என்று எழுந்து வந்தாள். படி இறங்கும்போதுதான், தன் தங்கச்சி கோமுவுக்கு அன்றைக்கு எத்தனை மாதம் என்று அவர் கேட்டிருந்தால் எட்டு முடிந்து நாலு நாள் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அவர் ஏன் கேட்கப் போகிறார். கோமு யார் என்றே அவருக்குத் தெரியாது. அந்த ஆபீசில் இப்போது யாருக்கும் தெரியாது.

விசில் சத்தம் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. வடிவாம்பாள் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலே தெரியும், நாற்பது அடி தூரத்தில் தகரப் பெட்டி மாதிரி ஒரு அறை, அதற்குள் மேசை, அட்டவணை, காக்கிச் சட்டையில் தளவாய். லாரியை விட்ட பிறகு பன்னிரண்டு வருஷமாக அவர்தான் இங்கே டைம் கீப்பர். பன்னிரண்டு வருஷமாக அவள் ரயில்வே கேட் ஸ்டாப்புக்கு நடந்து போய்த்தான் பஸ் ஏறுகிறாள். மழையிலும் அப்படித்தான். பத்து நிமிஷம் கூட நடந்தால் ஒரு முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்றால் நடக்கலாம், கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. தேய்ந்துதான் இருக்கிறது, டாக்டர் படம் எடுத்துக் காட்டினார், முட்டியில் இடைவெளியே இல்லை. தங்கச்சி புருஷன். அவள் தங்கச்சி கோமுவைக் கட்டி இரண்டு வருஷம் கூட வாழாதவர். பிறகு ஆறு வருஷம் கழித்து வேறு கல்யாணம், இரண்டு மகன்கள், ஒருவன் ஓசூரில். இதெல்லாம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, பதிவேட்டில் வந்தது. இரண்டு பிறப்பையும் அவள்தான் பதிந்தாள். தகப்பன் பெயர் என்ற இடத்தில் தளவாய் என்று எழுதும்போது பேனா கனக்கவில்லை, மற்றப் பெயர்களைப் போலத்தான் எழுதினாள், எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள், பானையடியிலேயே வெகு நேரம் நின்றாள்.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவளிடம் கோமு சொன்னாள், யக்கா, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கு, கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்கு. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கால் வீங்கி, கொலுசைக் கழற்றித் தலைமாட்டில் வைத்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் ஆகவில்லை என்று சேலையைத் தொங்கவிட்டிருந்தாள். வடிவு மோர்ச்சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டே சொன்னாள், மாசம் ஏற ஏற எல்லாருக்கும் இருக்கதுதாண்டி, சாயங்காலம் பாத்துக்கிடலாம். ஆபீசில் அன்று தணிக்கை. மூன்று வருஷத்துப் பதிவேடு மேசையில் கிடக்கிறது. இரண்டு மணிக்குள் போயாக வேண்டும். கிளம்பும்போது பக்கத்துக் கடையிலிருந்து போன் வந்திருப்பதாக ஆள் விட்டார்கள். சாத்தூரிலிருந்து தளவாய், லோடு இறக்கப் போன இடம். “அவளுக்கு எப்படி இருக்கு மதினி? காலையில தலைவலின்னு சொன்னாளே, வரட்டுமா?” ஒண்ணுமில்ல, நீங்க வேலையைப் பாருங்க. அவ்வளவுதான் சொன்னாள். ஒண்ணுமில்ல. அந்தச் சொல்லை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள் இத்தனை வருஷத்தில், அடுப்படியில், குளியலறையில், கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருந்தால், ஒண்ணுமில்ல ஆனாலும் வாங்க என்றிருந்தால், ஒண்ணுமில்லதான்னு நினைக்கேன் என்றிருந்தால். நான்கு மணிக்கு ஆபீசுக்கு ஆள் வந்தது. கோமுவுக்கு வெட்டு வந்து, கைகால் இழுத்து, பல்லைக் கடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இரண்டு தடவை. பிள்ளையை எடுத்தார்கள், உயிரில்லை. ஆறு மணிக்கு அவளும் போய்விட்டாள். ஆறரைக்குத் தளவாய் வந்து சேர்ந்தார், சட்டையெல்லாம் புழுதி. அவரைப் பார்த்ததும் வடிவுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், ஊரே கூடி நிற்கிற இடத்தில், “பொண்டாட்டி காலையிலருந்து தலைவலியில துடிக்கா, எட்டிப் பாக்க உனக்கு நேரமில்ல, கிட்ட வராத” என்று கத்தினாள். வாயில் அடித்துக்கொண்டு கத்தினாள். அவர் போன் போட்டேனே என்று சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் நின்று, இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு, அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இவ்வளவு வருஷம் தூங்கியிருப்பாள். ஊர் அவள் சொன்னதை நம்பியது, அம்மா சாகும்வரை நம்பினாள், பாவி, லாரிக்காரனுக்குக் கொடுத்தேனே என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள். வடிவு திருத்தவில்லை. நாளைக்குச் சொல்லலாம், பதினாறு கழியட்டும், வருஷம் திரும்பட்டும். பதிவேட்டில் ஒரு தப்பு விழுந்தால் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் எழுதி, சுருக்கொப்பம் போட்டால் தீர்ந்தது. வாயால் எழுதியதை எந்த மையில் அடிப்பது.

மூன்றாவது வரி முடிந்தது. காலம் ஏறத்தாழ முன்னூறு ஆண்டு. வெயில் வந்துவிட்டது, நீலத்தின்மேல் வெள்ளை பளிச்சென்று கண்ணைக் கூசச் செய்தது. தின்னர் வாடையில் லேசாகத் தலை சுற்றியது. நான்காவது கோடு காலியாக இருந்தது. அழிக்க ரப்பரை எடுத்தாள். ரப்பர் பிரஷ்ஷுக்கும் துணிக்கும் நடுவில் விரலில் வழுக்கியது, கீழே விழுந்தது, குனிய முட்டி விடவில்லை. அப்போது பின்னால், “மதினி” என்றது ஒரு குரல்.

முப்பத்தோரு வருஷமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மதினி என்று கூப்பிட உலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஆள். தளவாய் ஐந்தாறு அடி தள்ளி நின்றார். முடி முழுக்க வெளுத்து, கழுத்தில் கயிற்றோடு விசில். கிட்ட வரவில்லை. வரக் கூடாது என்று சொன்ன இடத்திலேயே இன்னும் நிற்கிற மாதிரி நின்றார். அவளுக்கு என்னென்னவோ வாய்வரை வந்தது, கடைசியில் வந்தது இதுதான்: “வண்டிய ரொம்ப ஒட்டி எடுக்காங்க. தூசி வந்து ஈர எழுத்துல ஒட்டுது.”

“தள்ளி எடுக்கச் சொல்லுதேன்” என்றார். போகவில்லை. பலகையை முதல் எழுத்திலிருந்து படித்தார். உதடு அசைந்தது. அவள் எழுதிய ஏழு பலகையில் ஒருவர் நின்று முழுக்கப் படிப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள். “நாலாவது கோடு சும்மா கிடக்கே” என்றார்.

“அதுல ஒரு வரி உண்டு. ஆபீசுல எடுத்துட்டாங்க.”

என்ன வரி என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். பலகையைப் பார்த்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, பிள்ளை வயிற்றோடு இறந்துபோன என்று ஆரம்பித்து முடிவுவரை சொன்னாள். அவர் விசில் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். ஒரு பஸ் உறுமிவிட்டு அடங்கியது. இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் கிடையாது என்பது அவளுக்குத் தெரிந்தது. “அன்னைக்கு நீங்க சாத்தூர்லருந்து போன் போட்டீங்க.”

“ஆமா.”

“நாந்தான் ஒண்ணுமில்லன்னேன்.”

“ஆமா மதினி.”

“பிறகு ஊரு முன்னால உங்களைச் சொன்னேன். இன்னைய வரைக்கும் மாத்திச் சொல்லல.” குரல் சாயங்காலக் குரல் மாதிரி கம்மியது. “நீங்க ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லிருந்தா என் மூஞ்சில எல்லாரும் காறித் துப்பிருப்பாங்கல்லா?”

தளவாய் பஸ்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் போனை வச்சிட்டு மேட்னி ஷோவுக்குப் போயிட்டேன் மதினி. லோடு இறக்க ஆளு வரல, நாலு மணி ஆகும்னுட்டாங்க. வண்டியைப் போட்டுட்டு ஒரு பஸ் புடிச்சிருந்தா மூணு மணிக்கு வீட்ல இருந்திருப்பேன். அவ தலைவலி அவ தலைவலின்னு எனக்கும் மனசுக்குள்ள குடைஞ்சுகிட்டேதான் இருந்துச்சு. நீங்க ஒண்ணுமில்லன்னது தோதாப் போச்சு. இடைவேளைல முறுக்கு வாங்கித் தின்னேன். இதை எங்க போய் யாருட்ட சொல்ல?”

சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. முதலில் வந்தது கோபம், முறுக்கா தின்றாய் என்று ஒரு கொதி, அன்றைக்கு மோர்ச்சோறு குடித்தவள்தான் அவளும். அப்புறம் கோபமும் நிற்கவில்லை. இத்தனை வருஷம் ராத்திரியும் பகலும் தான் ஒருத்தியே உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்ட அறை என்று நினைத்திருந்தது, இந்த ஆளும் அதே அறையின் இன்னொரு மூலையில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார், நாற்பது அடியில், விசிலை வைத்துக்கொண்டு. அவள் ரயில்வே கேட்டுக்கு நடந்திருக்கிறாள். பிரஷ் நுனியில் பெயிண்ட் தடித்துவிட்டது. தின்னரில் முக்கித் துடைத்தாள், திரும்பவும் முக்கினாள், துடைத்தாள்.

“நான் ஒண்ணு கேக்கணும்” என்றார் தளவாய். “கேக்கலாமா என்னன்னு தெரியல.”

“கேளுங்க.”

“பிள்ளை என்ன பிள்ளை?”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எந்தப் பிள்ளை, ஓசூர்ப் பிள்ளையா என்று கூட நினைப்பு ஓடியது. பிறகுதான் உறைத்தது. இவருக்குத் தெரியாது. தெரிந்திருக்கும் என்று இத்தனை காலம் அவள் யோசிக்கவே இல்லை. யார் சொல்லியிருப்பார்கள்? பெரிய சேலையில் இரண்டையும் ஒன்றாகச் சுற்றிக் கொண்டுவந்தார்கள், கிட்ட வராதே என்று வழியை மறித்துக்கொண்டு நின்றது அவள், ஆண்களிடம் போய் அதையெல்லாம் யாரும் பேசுவதில்லை, பிறகு அவர் அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. ஆபீசுக்கு வந்து கேட்டிருக்கலாம். கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். இறந்து பிறந்தவை என்று தனிப் பதிவேடு, பச்சை அட்டை, அதில் பெயருக்கு இடம் கிடையாது, பாலினம் என்று ஒரு கட்டம் மட்டும் உண்டு. அந்தக் கட்டத்தில் அவள்தான் எழுதினாள். எழுதி, உலர வைத்து, மூடினாள்.

“பொண்ணு” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

“முடி நிறைய இருந்துச்சு. நர்சம்மா துணிய விலக்கிக் காட்டுனாங்க. நெத்தி உங்க நெத்தி.”

தளவாய் நடைபாதைச் சிமெண்டுக் கட்டையில் அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது அவளிடமிருந்து இரண்டு அடிதான் இருந்தது. முகத்தை மூடவில்லை, அழவில்லை, நெற்றியை மட்டும் உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். கோவில்பட்டி வண்டி ஹாரன் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்து, “அண்ணாச்சி, டைம் ஆச்சு!” என்றார். அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பலகையை நிமிர்ந்து பார்த்து, “அந்த வரியில கோமு பேரு போடலாமா மதினி? சின்னதா, ஓரத்துல” என்றார்.

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. நான்கு கோடு போட்டதே அதற்காகத்தானோ என்று இப்போது சந்தேகமாக இருந்தது. கல்லைப் பார்த்தாள். “கூடாது” என்றாள். “இது வேற ஒருத்தியோட கல்லு. அவ பேரு யாருக்கும் தெரியல. தெரியலங்கறதுக்காக நம்ம பேரை எழுதப்படாது.”

“அது சரிதான்” என்றார்.

அவள் பிரஷ்ஷை வெள்ளையில் தொட்டு, டப்பா விளிம்பில் வழித்து, நான்காவது கோட்டில் வைத்தாள். பி. ள். ளை. மேனேஜர் கூப்பிட்டு அனுப்புவார். மற்ற நான்கு பலகைக்குப் பெயிண்ட் வராமல் போகலாம், சொந்தக் கையிலிருந்து வாங்கினால் ஆயிற்று, வேண்டாம் என்றால் அவர் ஆளைவிட்டு அழித்துக்கொள்ளட்டும், அவர் மகள் நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும். வ. யி. ற். எழுத்து கோட்டைவிட்டுச் சரிந்தது. கண்டக்டர் இறங்கி வந்து, அண்ணாச்சி உட்கார்ந்திருக்கும் இருப்பைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அன்றைக்கு எட்டு நாற்பது கோவில்பட்டி வண்டி விசில் இல்லாமலே, ஏழு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. தளவாய் எழுந்து, பின்பக்கத்துத் தூசியைத் தட்டிக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியளா?”

வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. எங்கே போகப் போகிறாள். “இருப்பேன்” என்றாள், திரும்பாமல். அவர் செருப்புச் சத்தம் அறைவரை போய் நின்றது. அவள் அடுத்த எழுத்தை ஆரம்பித்தாள்.